முழம் போடும் கை

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ வாங்கிப் பழகியவர்களுக்கு இது தெரியும். ஒரே கதம்பம், ஒரே விலை. ஒரு கடையில் இரண்டு முழம் வாங்கினால் சாமி படத்துக்குச் சாத்தியது போக மீதி தலைக்கும் கிடைக்கும். பக்கத்துக் கடையில் அதே இரண்டு முழம் நாலு விரற்கடை குறையும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். நெட்டையான அம்மாவின் முழம் நீளும், குட்டையான அம்மாவின் முழம் குறுகும். அளப்பவரின் உடம்பே அளவுகோல்.

அங்கிருந்து காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, துவாக்குடி வண்டி பிடித்தால் பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர் வழியாகத் திருவெறும்பூர் வரும். அங்கே இருக்கிறது அரசு தொழிற்பயிற்சி நிலையம். ஊரார் வாயில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் டிரேடில் சேரும் பையன் முதல் ஆண்டிலேயே மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துவிடுகிறான். அதன் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உருளையில் 50 கோடுகள். ஆக, ஒரு கோடு நகர்ந்தால் 0.01 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனையே அதில் அளந்துவிடலாம். யார் கை அளந்தாலும், முறையாக அளந்தால் விடை ஒன்றுதான்.

அந்தப் பையன் தான் படிக்கும் பாடங்களை எவ்வளவு மதிக்கிறான் என்பதை அளக்க முடியுமா? அளந்தால், கிடைக்கும் எண் முழத்தைச் சேர்ந்ததா, மைக்ரோமீட்டரைச் சேர்ந்ததா?

இது ஏட்டுக்கேள்வி இல்லை. "ஐ.டி.ஐ. பசங்களுக்குக் கணக்குன்னாலே ஆகாது சார்" என்ற பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. டீக்கடையிலும் சொல்வார்கள், வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் சொல்வார்கள், சில சமயம் அந்தப் பையன்களே சொல்வார்கள். கவனித்துப் பார்த்தால் அது ஓர் அளவை முடிவு. எந்தக் கருவியும் இல்லாமல் வந்த முடிவு. ஆனால் அதை நம்பித்தான் வகுப்பில் எதை விரிவாக நடத்துவது, எதைப் பரீட்சைக்கு முன் ஓட்டிவிடுவது என்பதெல்லாம் தீர்மானமாகிறது.

ஸ்ரீரங்கமும் திருவெறும்பூரும் அடங்கிய திருச்சிக்கு இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது 1928-இல். பி.எச்.இ.எல். கொதிகலன் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் வளாகத்திலேயே 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. துவாக்குடியைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். அரைநூற்றாண்டுக்கு மேலாக இந்த ஊர் கையால் இரும்பை அறிந்தவர்களால் நடக்கிறது. உயர் அழுத்தக் கொதிகலனின் குழாய்களைப் பற்றவைப்பவர் எக்ஸ்ரே சோதனையில் தேறியாக வேண்டும். மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் காற்றுக்குமிழி படத்தில் தெரிந்துவிடும். அந்தக் குழாயின் விட்டம் இரட்டித்தால், அதே அழுத்தத்தைத் தாங்கச் சுவரின் தடிமனும் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். கணக்குப் பிடிக்காதவர்களை வைத்து நடத்தக்கூடிய தொழில் அல்ல இது.

ஐ.டி.ஐ.க்கள் 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வருபவை. மேல்நிலைப் பள்ளிகளில் 1978 முதல் இருந்துவரும் தொழிற்கல்விப் பிரிவு வேறு. இந்த அத்தியாயத்தில் ஐ.டி.ஐ.யோடு நிற்கிறேன். ஃபிட்டரோ டர்னரோ எலக்ட்ரீஷியனோ, பையன் ஐந்து பெயர்களைச் சந்திக்கிறான்: டிரேடு பிராக்டிகல், டிரேடு தியரி, ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் அண்ட் சயின்ஸ், என்ஜினியரிங் டிராயிங், எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ். இந்த ஐந்தையும் அவன் ஒரே தட்டில் வைக்கிறானா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

மனத்தில் இருப்பதை எண்ணாக்கலாம் என்று துணிந்து சொன்னவர் லூயி தர்ஸ்டோன் என்ற அமெரிக்க உளவியலாளர். மனப்பாங்குகளை அளக்க முடியும் என்ற பொருளிலேயே தலைப்பிட்டு 1928-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய முறை துல்லியமானது, ஆனால் உழைப்பு அதிகம் கேட்பது. நான்கு ஆண்டு கழித்து ரென்சிஸ் லைக்கர்ட் அதை எளிமையாக்கினார். ஒரு வாக்கியம், அதற்கு எதிரே 'முற்றிலும் ஏற்கிறேன்' தொடங்கி 'சிறிதும் ஏற்கவில்லை' வரை ஐந்து படிகள், ஒவ்வொரு படிக்கும் ஓர் எண், கடைசியில் கூட்டல். இன்று உணவகத்தில் பில்லோடு வரும் கருத்துப் படிவம் வரைக்கும் அவருடைய பிள்ளைகள்தான்.

கூட்டலில்தான் முதல் சிக்கல் தொடங்குகிறது. கூட்டும் பொருள்கள் ஓரினமாக இருக்க வேண்டும். 'மதிப்பு' ஓரினமா?

மிச்சிகனில் ஜாக்குலின் எக்கிள்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு 'இல்லை' என்றது. அவர்களை உறுத்திய கேள்வி, கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும் பெண்பிள்ளைகளும் மேல்வகுப்பில் கணக்கை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது. திறமைக் குறைவு காரணமாகத் தெரியவில்லை. ஆகவே, ஒரு பாடத்தை மாணவர் மதிப்பதை நான்கு இழைகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். பிரிப்பை என் சொற்களில் தருகிறேன். ஆர்வம்: இதைச் செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லை. பயன்: இது நாளைக்குக் கைகொடுக்கும். பேர்: இதில் கெட்டிக்காரன் என்று பேரெடுப்பது எனக்கு முக்கியம், நான் யார் என்பதோடு இது ஒட்டியிருக்கிறது. நான்காவது சுமை: இதற்காக நான் விட்டுக்கொடுப்பது எவ்வளவு, எவ்வளவு களைப்பு, தோற்றால் எவ்வளவு அவமானம். முதல் மூன்றும் தட்டை இறக்கும், நான்காவது ஏற்றும்.

ஒரு லேத்தின் முன்னால் நின்று இதைப் பார்ப்போம். சக்கில் மாட்டியிருப்பது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் கம்பி. நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்ட வேண்டும். லேத்தை எத்தனை சுற்றில் வைப்பது? 30-ஐ 1000-ஆல் பெருக்கி, பை மடங்கு 50-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 191 ஆர்.பி.எம். கம்பியைக் கடைந்து கடைந்து விட்டம் 25-க்கு இறங்கிவிட்டால், அதே வெட்டு வேகத்துக்கு 382 வேண்டும். விட்டம் பாதியானால் சுற்று இரட்டிக்கும். தேவைக்கு மேல் வேகம் வைத்தால் டூல் முனை சூடேறி மழுங்கும். குறைத்தால் பரப்பு சொரசொரப்பாக வரும். இந்தச் சூத்திரம் ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் புத்தகத்திலும் உண்டு.

இதைப் படிக்கும் இரண்டு டர்னர் மாணவர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கு இழைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொல்கிறோம். முதல் பையனுக்கு ஆர்வம் 1, பயன் 5, பேர் 4, சுமை 5. சுமையைத் திருப்பிப் போட வேண்டும். அப்போது அது 1 ஆகும். கூட்டல் 11. இரண்டாமவனுக்கு ஆர்வம் 4, பயன் 2, பேர் 2, சுமை 3, திருப்பினாலும் 3. அவனுக்கும் கூட்டல் 11. அறிக்கையில் இரண்டு பேரும் ஒரே வரியில் நிற்பார்கள். ஆனால் முதல்வன் இது இல்லாமல் பிழைக்க முடியாது என்று தெரிந்தும் மூச்சுத் திணறுகிறவன். இரண்டாமவன் விளையாட்டாகக் கணக்குப் போடுகிறான், அது பட்டறையில் எதற்கு என்றுதான் புரியவில்லை. முதல்வனுக்கு வேண்டியது பொறுமையாகச் சொல்லித்தரும் ஆள். இரண்டாமவனை லேத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாலே போதும். கூட்டி வந்த 11 இந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடக்கும் கருத்துக்கணிப்புகளில் பாடத்துக்கு ஒரே ஒரு எண் கேட்டு வாங்கிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த இருவர் நினைவுதான் வருகிறது.

நான்கு இழையாகப் பிரித்தாகிவிட்டது. கருவி சரியாக இருக்கிறதா என்பது அடுத்தது. இங்கே உளவியலாளரைவிட ஃபிட்டர் மாணவனுக்குத்தான் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

மைக்ரோமீட்டரை எடுத்ததும் வாயை மூடிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜீரோ எரர் இருந்தால் அளக்கும் ஒவ்வொன்றிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். கேள்வித்தாளுக்கும் ஜீரோ எரர் உண்டு: எதைக் கேட்டாலும் 'ஆமாம்' பக்கம் சாய்வது. பெரியவர்கள் கொடுத்த தாளில் 'இல்லை' என்று போடுவதை மரியாதைக் குறைவாக நினைக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய. எல்லாப் பாடத்துக்கும் நாலும் ஐந்துமாக வந்தால் அது பாடத்தின் மேல் உள்ள மதிப்பா, கேட்டவரின் மேல் உள்ள மரியாதையா என்று பிரிக்க முடியாது.

மைக்ரோமீட்டரின் பின்பக்கம் ரேட்சட் என்று ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அளவு தொட்டதும் டிக் டிக் என்று நழுவும், அதற்கு மேல் இறுக்க விடாது. இறுக்கினால் ஜாப், அதாவது அளக்கும் பொருள், அமுங்கி, உள்ளதைவிடக் குறைவான அளவு காட்டும். கேள்வித்தாளை மாணவர்கள் நிரப்பும்போது அதே பாடத்தை நடத்தும் ஆசிரியர் வரிசைக்கு இடையில் நடந்துகொண்டிருந்தால், ரேட்சட் இல்லாமல் இறுக்குகிறோம் என்று பொருள். பெயர் எழுதச் சொல்லாமல், வெளியாள் ஒருவர் கொடுத்து வாங்கினாலே இந்தப் பிழை பெருமளவு குறையும்.

ஒரே பொருளை மூன்று முறை அளந்து மூன்றும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது பட்டறை வழக்கம். லீ கிரான்பாக் 1951-இல் எழுதிய ஆல்பா இதன் உறவுதான். 'பயன்' என்ற இழைக்கு நான்கு வாக்கியம் கேட்டால், நான்குக்கும் வரும் விடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று அது சொல்லும். ஒன்றை நெருங்கினால் நல்லது; 0.7 தாண்டினால் பலரும் நிம்மதி அடைவார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. ஒரே வாக்கியத்தைச் சொல் மாற்றி நான்கு தடவை கேட்டாலும் ஆல்பா உயரத்தான் செய்யும். பூஜ்யம் தவறிய மைக்ரோமீட்டரும் மூன்று தடவையும் ஒரே தவறான விடையைக் காட்டும்.

முழத்துக்கு வருவோம். 'இந்தப் பாடம் எனக்கு மிகவும் முக்கியம்' என்ற வாக்கியத்தில் 'மிகவும்' எவ்வளவு? ஒவ்வொரு பையனும் தன் முழங்கையை நீட்டி அளக்கிறான். உலக அளவில் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் டிம்ஸ் என்ற கணித அறிவியல் ஆய்வில் இது பளிச்சென்று தெரிகிறது. ஒரு நாட்டுக்குள் பார்த்தால் கணக்கை விரும்புகிறேன் என்பவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள். நாடுகளை வரிசைப்படுத்தினால் கதை தலைகீழ்: மதிப்பெண்ணில் உச்சியில் நிற்கும் ஜப்பானும் தென்கொரியாவும் விருப்பத்தில் கீழே நிற்கின்றன. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கணக்கில் மூழ்கிக் கிடக்கும் இடத்தில் 'எனக்கு மிகவும் பிடிக்கும்' என்று சொல்ல நாக்கு எழாது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று.

முழத்தைத் திருத்த ஒரு வழி இருக்கிறது. கேரி கிங் என்ற அரசியல் அறிஞரும் கூட்டாளிகளும் 2004-இல் அதைக் காட்டினார்கள். அரசு எடுக்கும் முடிவுகளில் உங்கள் சொல் எடுபடுகிறதா என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டார்கள். சீனர்கள் தங்களுக்கு மெக்சிகோக்காரர்களைவிட அதிகக் குரல் இருப்பதாகச் சொன்னார்கள். கூடவே சில கற்பனை மனிதர்களின் சின்னக் கதைகளைக் கொடுத்து, இவருக்கு எவ்வளவு குரல் இருக்கிறது என்றும் மதிப்பிட வைத்தார்கள். கதை இரு நாட்டுக்கும் ஒன்று. ஆகவே கதைக்குக் கொடுத்த எண்ணில் வரும் வித்தியாசம் அவரவர் முழங்கையின் நீளம்தான். அதை வைத்துத் திருத்தியதும் வரிசை புரண்டுவிட்டது. பட்டறை மொழியில் இது ஸ்லிப் கேஜை வைத்து அளவுகருவியைச் சரிபார்ப்பது. நம் தாளிலும் இப்படிச் செய்யலாம். 'முத்து பட்டறைக்குப் போகும் முன் டிராயிங்கை ஒரு தடவை பார்த்துக்கொள்வான். பரீட்சை தவிர வேறு நேரத்தில் அந்த நோட்டைத் திறக்கமாட்டான். டிராயிங்குக்கு அவன் கொடுக்கும் முக்கியத்துவம் எவ்வளவு?' இந்த முத்துவுக்கு ஒருவன் 4 போட்டு, இன்னொருவன் 2 போட்டால், அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட 3-ம் 3-ம் ஒன்றல்ல.

இன்னொரு வழி பழையது, எனக்குப் பிடித்தது. தர்ஸ்டோன் 1927-இல் வகுத்த இணை ஒப்பீடு. எவ்வளவு என்று கேட்காமல், இந்த இரண்டில் எது என்று கேட்பது. ஐந்து பாடத்துக்குப் பத்து இணைகள் வரும். அரை மணி நேரத்து வேலைகூட இல்லை. 'ஆமாம்' பக்கம் சாய்பவனும் இங்கே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முழங்கையின் நீளமும் நுழையாது. இழப்பு ஒன்று உண்டு. வரிசை கிடைக்கும், ஆழம் கிடைக்காது. ஐந்து பாடத்தையும் வெறுப்பவனும் ஐந்தையும் விரும்புபவனும் ஒரே வரிசையைத் தரலாம்.

இதுவரை சொன்னவை எந்த மொழிக்கும் பொதுவானவை. தமிழில் கேட்கும்போது இன்னும் சில முடிச்சுகள் விழுகின்றன.

'மதிப்பு' என்ற சொல்லையே எடுங்கள். நமக்கு அது விலை, மரியாதை, தகுதி எல்லாம்தான். அதோடு பள்ளிக்கூடத்தில் கால்வைத்த நாளிலிருந்து மதிப்பெண் என்ற சொல் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. 'இந்தப் பாடத்துக்கு நீ தரும் மதிப்பு என்ன?' என்றால் அவன் மனம் தான் வாங்கிய மார்க்கைத்தான் முதலில் எடுத்து நீட்டும். பாடம் தனக்குக் கொடுத்த எண்ணையே பாடத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவான். தாளில் அந்தச் சொல்லையே தவிர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது நடை. ஆங்கிலத் தாளை எழுத்துத் தமிழில் மாற்றினால் கிடைப்பது பரீட்சைத் தாளின் தமிழ். 'இப்பாடத்தினைக் கற்பது எனது எதிர்காலத்திற்குப் பயனளிக்கும் என நம்புகிறேன்' என்று ஒரு வாக்கியம் வந்தால், எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்து வந்த பையன் அதற்குச் சரியான விடை எது என்று தேடுவான். தன் விடையைத் தேடமாட்டான். 'இதைக் கத்துக்கிட்டா வேலையில கைகொடுக்கும்' என்று எழுதினால்தான் அது அவனிடம் கேட்ட கேள்வி ஆகும். கேள்வித்தாளில் பேச்சுத்தமிழ் எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கருவி எந்தப் பொருளைத் தொட வேண்டுமோ அந்தப் பொருளின் வடிவத்துக்குத்தான் இருக்க வேண்டும். உள்விட்டத்தை வெளிவிட்ட மைக்ரோமீட்டரால் அளக்க முடியாது.

எதிர்மறை வாக்கியம் மூன்றாவது முடிச்சு. சாய்வைப் பிடிக்க நடுநடுவே தலைகீழ் வாக்கியம் போடுவது வழக்கம். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அதன் வாலில் ஒட்டியிருக்கிறது. 'இந்தப் பாடம் வேலைக்கு உதவாது' என்பதற்கு, உதவும் என்று நினைப்பவன் 'ஏற்கவில்லை' என்று போட வேண்டும். கடைசி அசை கண்ணில் தப்பினால் விடை கவிழ்ந்தது. மறுப்பு அசையைப் போடாமல் 'இந்தப் பாடத்துக்குச் செலவிடும் நேரம் வீண்' என்று நேராகவே எழுதலாம். எதுவானாலும் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்து, என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் தாளை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

இத்தனையும் திருத்திய பிறகும் ஒரு பெரிய பிழை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயத்தையே எழுதத் தொடங்கினேன். பாடத்தின் பெயர்.

'ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் உனக்கு எவ்வளவு பயன்?' என்று கேட்கிறோம். பையன் 2 போடுகிறான். அவன் மனத்தில் அந்தப் பெயருக்கு எதிரே இருப்பது ஒரு வகுப்பறை, ஒரு புத்தகம், கரும்பலகை, எட்டாம் வகுப்பில் வாங்கிய அடி. 191-ஐயும் 382-ஐயும் பார்த்து கியர் மாற்றும்போது அவன் செய்வதும் அதே பாடம்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அது அவனுக்கு 'லேத் வேலை'. ஆகவே அந்த 2, பெயர்ப்பலகைக்குப் போட்ட எண். உள்ளே இருக்கும் அறிவுக்கு அவன் தினமும் வேலைமேடையில் வேறு எண் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்தப் பிளவு கற்பனையன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைக் காரஹர் தம்பதியரும் ஷ்லீமனும் ஆராய்ந்து 1985-இல் எழுதினார்கள். கடையில் வாடிக்கையாளர்போல நின்று கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் சரி. அதே கணக்குகளைப் பள்ளி முறையில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்து 2025-இல் நேச்சர் இதழில் எழுதியதும் இதையே சொல்கிறது. எடை, விலை, பாக்கிச் சில்லறை எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போடும் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நேர்மாறு: ஏட்டுக் கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் பாலம் இல்லை.

அந்த ஆய்வுகள் திறமையைப் பற்றியவை. மதிப்பிலும் அதே பள்ளம் இருக்கும் என்று நான் கருதுகிறேன். அதைச் சோதிப்பது எளிது. ஒரே பாடத்தை இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு தாளில் பாடத்தின் பெயர். இன்னொரு தாளில் அந்தப் பாடம் செய்யும் வேலை: 'ஜாப்புக்கு எத்தனை ஆர்.பி.எம். வைக்கணும்னு கணக்குப் போடத் தெரிவது', '1500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதற்கு எந்த ஒயர் போடணும்னு சொல்லத் தெரிவது'. இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள தூரம்தான் எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமான அளவாகப் படுகிறது. தூரம் அதிகமாக இருந்தால், கோளாறு பையனின் மனத்தைவிட நாம் பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த விதத்தில்தான் இருக்கிறது.

'பேர்' என்ற இழை தமிழ்நாட்டில் தனிக் கவனம் கேட்கிறது. கையால் செய்யும் தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது இங்கே வெறும் பாடத்திட்ட விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம் கிராமப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று அதை எதிர்த்து மாநிலமே கொந்தளித்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் போயிற்று. அப்பன் தொழிலுக்குள் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் கல்வி எது, அதிலிருந்து வெளியே கூட்டிவரும் கல்வி எது என்ற கேள்வி அன்றிலிருந்து நம்மிடம் இருக்கிறது. ஐ.டி.ஐ.யைப் பல குடும்பங்கள் இரண்டாவது வகையாகத்தான் பார்க்கின்றன: மேஸ்திரி வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வந்து டர்னராகவும் எலக்ட்ரீஷியனாகவும் ஆவது. அதே சமயம் கல்யாண வீட்டில் 'பையன் என்ன படிக்கிறான்?' என்று கேட்டால் 'ஐ.டி.ஐ.' என்பதைக் குரல் தாழ்த்திச் சொல்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு உணர்வும் ஒரே பையனுக்குள் இருக்கும்போது, 'இந்த டிரேடில் பேரெடுப்பது எனக்கு முக்கியம்' என்ற வாக்கியத்துக்கு அவன் போடும் 3 எதைக் காட்டுகிறது? அலட்சியத்தையா, இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் நிற்பதையா? ஐந்துபடித் தாள் இதைச் சொல்லாது. பெருமையைத் தனியாகவும் கூச்சத்தைத் தனியாகவும் கேட்க வேண்டும்.

சுமையும் அப்படித்தான். எக்கிள்ஸின் கோட்பாடு விருப்பப்பாடம் எடுக்கும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பிறந்தது. எதை மதிக்கிறார்களோ அதை எடுப்பார்கள், தங்களால் முடியும் என்ற நம்பிக்கை மதிப்பெண்ணில் தெரியும் என்பது அதன் சாரம். ஐ.டி.ஐ. பையனுக்கு ஐந்து பாடமும் கட்டாயம். டிரேடே மதிப்பெண் வரிசைப்படி கலந்தாய்வில் கிடைத்தது. எலக்ட்ரீஷியன் கேட்டு வந்தவன் வேறொன்றில் உட்கார்ந்திருக்கலாம். அவனுடைய தேர்வு வேறு இடத்தில் வெளிப்படும்: காலையில் பேருந்து ஏறுவதா, இன்றைக்கு ஒரு நாள் கூலிக்குப் போவதா என்பதில். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் உதவித்தொகையான மாதம் 1000 ரூபாய் இந்தத் தராசில் நேரடியாக விழுகிறது. பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பாடத்தின் மேல் உள்ள மதிப்பை அளக்கும் தாளில் 'சாயங்காலம் வேலைக்குப் போகிறாயா?' என்ற கேள்வி இல்லாவிட்டால், களைப்பை அலட்சியம் என்று பதிவு செய்துவிடுவோம். வெல்டர் டிரேடில் சேர்ந்த பெண்ணுக்கோ சுமையின் பெரும்பகுதி பாடத்திலேயே இருக்காது. 'இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா?' என்று தினமும் கேட்பவர்களிடம் இருக்கும்.

அளந்து என்ன செய்வது? இந்த மதிப்பு மாறக்கூடியது என்பது சோதனையில் தெரிந்த செய்தி. கிறிஸ் ஹல்லெமனும் ஜூடித் ஹரக்கெவிச்சும் 2009-இல் சயன்ஸ் இதழில் எழுதியது: உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்பில் ஒரு பகுதியினர் பாடத்தைச் சுருக்கி எழுதினார்கள், இன்னொரு பகுதியினர் அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று எழுதினார்கள். தேறுவோம் என்ற நம்பிக்கை குறைவாக இருந்தவர்களிடம் இரண்டாவது வேலை ஆர்வத்தையும் மதிப்பெண்ணையும் உயர்த்தியது. ஜெர்மனியில் ஹன்னா காஸ்பார்டும் குழுவினரும் 82 வகுப்புகளில் நடத்தி 2015-இல் வெளியிட்ட சோதனையில், கணக்கின் பயன் பற்றி இளையவர்கள் சொன்ன கூற்றுகளைப் படித்து அலசியது, தாமாக எழுதியதைவிட நன்றாக வேலை செய்தது. அதே ஆண்டு வந்த மற்றொரு ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. 'இது உனக்கு ரொம்பப் பயன்படும்' என்று மேலிருந்து நேராகச் சொன்னால், தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளுக்கு அது அச்சுறுத்தலாகிவிடுகிறது. இவ்வளவு முக்கியமானது எனக்கு வரவில்லையே என்று இன்னும் ஒதுங்குகிறார்கள். நம் வகுப்பறைகளில் நாம் அதிகம் செய்வது அதுதான்.

திருவெறும்பூரில் இருந்து வெளியே போய், பத்து வருஷமாக லேத்திலும் வெல்டிங்கிலும் நிற்கும் அண்ணன்களும் அக்காக்களும் இந்த ஊரில் எங்கேயும் கிடைப்பார்கள். கணக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே தெரியாமல் ஒரு ஜாப் வீணாயிற்று என்று அவர்கள் சொல்லும் நாலு வரி போதும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அளக்க வேண்டும்.

அதற்கான தாளை நான் மனத்தில் இப்படி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் முத்துவைப்போல மூன்று பேரின் சின்னக் கதை. பிறகு பத்து இணைகள். பிறகு நான்கு இழைக்கும் பேச்சுத்தமிழில் வாக்கியங்கள், பாதி பாடத்தின் பெயரோடு, பாதி வேலையின் பெயரோடு. சுமைக்கு ஒரு தனிப் பகுதி. பெயர் எழுத இடம் கிடையாது. கடைசியில் அரைப் பக்கம் காலியாக விட்டு ஒரே ஒரு கேள்வி: 'நேத்து பட்டறையில எந்த இடத்துல எண்ணிப் பாத்த, அளந்த, கணக்குப் போட்ட? ஒண்ணு எழுது.' அந்த அரைப் பக்கத்தில் 191 என்றோ 382 என்றோ ஓர் எண் தென்பட்டால், மேலே அவன் வட்டமிட்டிருக்கும் 2-க்குத் திரும்பிப் போய், அதை மறுபடியும் படிப்பேன்.